ஏழு பாத வெயில்

மே மாதம் 4ஆம் தேதி காலையில் மேல்பட்டாம்பாக்கம் டீக்கடையில் நாள்காட்டித் தாளைக் கிழித்தால், புதுத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அக்னி நட்சத்திர ஆரம்பம். யாரும் அதை உரக்கப் படிப்பதில்லை. ஆனால் அன்றிலிருந்து கடைப் பேச்சு மாறிவிடுகிறது. "கத்திரி பொறந்துடுச்சி" என்று ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொல்வார். "இன்னும் இருபத்தஞ்சு நாளு ஓட்டணுமேப்பா" என்பார் பெஞ்சில் இருக்கிற பெரியவர். மாடி கட்டுகிற வேலை, கிணற்றைத் தூர்வாருவது என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பொடி எழுத்து வரியே அளவுகோலாகிவிடும். கத்திரிக்கு முன்னே முடிக்கணும், அல்லது கத்திரி கழியட்டும்.

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற சாலையில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் இந்தப் பேரூர். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இரண்டு ஆற்றுக்கு நடுவே இருந்தும் கத்திரியில் இரண்டிலும் மணல்தான். கரும்பு, நெல், மல்லாட்டை என்று மாறி மாறி விளைகிற பூமி. கடல் ரொம்ப தூரமில்லை. அதனால் பிற்பகலில் எப்போதாவது கிழக்கிலிருந்து ஒரு காற்று எட்டிப்பார்க்கும். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அதுவும் உள்ளே வராது. மேற்கே காய்ந்த நிலத்தைத் தடவிக்கொண்டு வரும் அந்த அனல், கடற்காற்றைக் கரையிலேயே நிறுத்திவிடும். ஊரார் வெயிலைவிட அந்தக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

கத்திரி என்பது வெப்பமானியைப் பார்த்துச் சொல்லும் கணக்கு இல்லை. அது வானத்துக் கணக்கு. சூரியன் தன் வருடப் பயணத்தில் 27 நட்சத்திரங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம். பரணியின் மூன்றாம் பாதத்தில் சூரியன் கால் வைக்கும்போது அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. பரணியில் இரண்டு பாதம், அக்னியைத் தேவதையாகக் கொண்ட கார்த்திகையில் நான்கு பாதம், ரோகிணியில் ஒரு பாதம், ஆக ஏழு பாதம். ஒரு பாதத்தைக் கடக்கச் சூரியனுக்கு மூன்றரை நாள் போல ஆகும். எனவே சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி 14 வாக்கில் முடிகிறது. இங்கிலீஷ் தேதியில் மே 4 முதல் 28 வரை. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் இதே நாள்களுக்குக் கர்த்தரி என்று பெயர். பரணியில் இருப்பது சின்னக் கர்த்தரி, கார்த்திகைக்குள் நுழைந்ததும் பெரிய கர்த்தரி. கர்த்தரி என்றால் கத்தரிக்கோல். நம் கத்திரிக்கும் அதுவே வேராக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் குறைவு. கடலூருக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்பது வருடத்தில் இரண்டு தரம், ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும். அந்த மத்தியானங்களில் நட்ட கம்பத்துக்கு நிழல் விழாது. கத்திரியோ அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தொடங்குகிறது. நிலம் சூடேறி அந்தச் சூடு காற்றுக்கு ஏறக் கொஞ்ச நாள் ஆகும் என்பது ஒரு காரணம். ஆனால் பழைய காலத்தில் இந்த இடைவெளி இப்படி இல்லை. பஞ்சாங்கத்து வருடம் விண்மீனை வைத்து எண்ணப்படுவது. பருவங்களின் வருடம் அதைவிட ஏறக்குறைய 20 நிமிடம் குறைவு. 70 வருடம் போனால் ஒரு நாள் தள்ளும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ராஜராஜன் தஞ்சையில் ஆண்டபோது, சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்துக்கு வந்தது இன்றைய கணக்கில் ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாளில். தில்லையின் தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கும் நாளும் அதுதான். இந்த ஏழு பாதமும் அன்று உச்சி வெயிலோடு சேர்ந்தே பிறந்தன. பிறகு நூற்றாண்டுகள் நகர நகரப் பருவத்தைவிட்டு மெல்ல விலகிக்கொண்டிருக்கின்றன.

ஊர்க்கணக்கு இவ்வளவு சிக்கலானதில்லை. முன்னேழு, நடுவேழு, பின்னேழு. முதல் ஏழு நாள் வெயில் ஏறும், நடு ஏழு நாள் காயும், கடைசி ஏழு நாள் இறங்கும். இதற்கு மகாபாரதத்தில் ஒரு கதை. சுவேதகி என்ற அரசன் ஓயாமல் யாகம் செய்ய, நெய்யைக் குடித்துக் குடித்து அக்னிக்கு மந்தம் தட்டிவிட்டது. மருந்து, மூலிகை நிறைந்த காண்டவ வனத்தைத் தின்பது. தின்னப் போகும்போதெல்லாம் இந்திரன் மழையை அனுப்பி அணைத்தான். அக்னி கண்ணனையும் அர்ச்சுனனையும் வேண்டிக்கொள்ள, அர்ச்சுனன் காண்டீபத்தை எடுத்து மழைத்துளி கீழே விழாதபடி அம்பால் கூடாரம் போட்டான். காடு எரிந்தது. அது எரிந்த 21 நாள்தான் கத்திரி என்று சொல்வார்கள். பஞ்சாங்கம் 25 நாள் சொல்கிறதே என்று யாரும் வழக்குப் பேசுவதில்லை. கதைக்கு ஒரு கணக்கு, பஞ்சாங்கத்துக்கு ஒரு கணக்கு.

இந்தக் கதை இங்கே ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. கடலூர், விழுப்புரம், செஞ்சிப் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்கு அடுத்தபடி திரௌபதி அம்மனுக்குத்தான் கோயில் அதிகம். ஆல்ஃப் ஹில்டபீட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டைப் பல வருடம் இங்கேயே சுற்றி ஆராய்ந்து 1988இல் தன் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். கோடையில் கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால், பகலில் பந்தல் நிழலில் பாரதம் படிப்பார்கள். இரவு முழுக்கத் தெருக்கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கதை. கடைசியில் படுகளம், தீமிதி.

ஏன் கோடையில்? அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடக்கிறது. கையில் கொஞ்சம் நெல்லோ பணமோ இருக்கிறது. பகலில் ஒன்றும் செய்ய முடியாது, இரவில் வீட்டுக்குள் தூங்கவும் முடியாது. பத்து மணிக்கு மேல் தெருவில் பாயை விரித்துக் குழந்தைகளைக் கிடத்திக்கொண்டு விடிய விடியக் கூத்துப் பார்ப்பதைவிட அந்த நேரத்துக்குப் பொருத்தமானது வேறில்லை. கூத்து என்ற பெரிய கலை இந்த மண்ணில் தழைத்ததற்குக் கோடை இரவும் ஒரு காரணம்.

கத்திரியில் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியலைப் பெரியவர்கள் சொல்வார்கள். புது வீட்டுக்குக் கடைக்கால் போடக்கூடாது. கூரை வேயக்கூடாது. கிணறு வெட்டக்கூடாது. மரம் வெட்டக்கூடாது. விதைக்கக்கூடாது. நெடும்பயணம் கூடாது. கல்யாணத்துக்குத் தடையில்லை. தெலுங்குக் கர்த்தரிக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பார்க்கலாம். கடைக்கால் தோண்டுவது, கூரை மேல் ஏறுவது, கிணற்றுக்குள் இறங்குவது, கோடாலி பிடிப்பது எல்லாமே திறந்த வெளியில் உடம்பை முறிக்கும் வேலை. அதைச் செய்பவர் கூலிக்காரர். வேலை கொடுப்பவர் திண்ணையில் இருப்பவர். வேலை கொடுப்பவர் கையைத்தான் இந்த விலக்குகள் கட்டுகின்றன. 'ஆளு செத்துப்போவான்' என்று சொன்னால் கேட்காத முதலாளியும் 'தோஷம்' என்றால் கேட்பார்.

இந்த எண்ணம் வலுப்பட இன்னொரு நாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சீனர்களுக்கும் ஒரு கத்திரி உண்டு. 'சான் ஃபூ', அதாவது மூன்று ஃபூ. ஃபூ என்றால் பதுங்குதல், ஒடுங்கிக் கிடத்தல். ஜூன் 21 வாக்கில் வரும் சூரியத் திருப்பத்துக்குப் பிறகு, பத்து நாளுக்கு ஒரு முறை வரும் 'கெங்' என்ற நாளில் மூன்றாவதை எடுத்து முதல் ஃபூவைத் தொடங்குவார்கள். நான்காவது கெங்கில் நடு ஃபூ. இலையுதிர்காலத் தொடக்கம் என்று அவர்கள் வகுத்த நாளுக்குப் பின் வரும் முதல் கெங்கில் கடைசி ஃபூ. மொத்தம் 30 நாள் அல்லது 40 நாள். கெங் உலோகத்துக்குரிய நாள், வெயிலின் தீயைக் கண்டு உலோகம் பதுங்குகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். முன், நடு, பின் என்று மூன்றாகப் பிரித்த முறை நம்முடையதைப் போலவே இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் கணக்கு விண்மீனைப் பார்ப்பதில்லை, சூரியத் திருப்பத்தைப் பார்க்கிறது. அதனால் பருவத்தைவிட்டு விலகாது.

ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவைத் தாண்டி முடிகிறது ஃபூ. அதாவது நம் ஆடி மாதம். இங்கே அம்மியைப் பறக்கடிக்கும் காற்று அடித்து, மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது, அங்கே பருவமழையின் ஈரமும் வெயிலும் சேர்ந்து ஊரையே வேகவைக்கிறது. வடக்குச் சீனத்தில் முதல் ஃபூவுக்குப் பூரணம் வைத்து அவித்த கொழுக்கட்டை போன்ற பண்டம், நடு ஃபூவுக்கு நூடுல்ஸ், கடைசி ஃபூவுக்கு முட்டையும் தட்டையான ரொட்டியும் என்பது வழக்கம். புதுக் கோதுமை வந்த காலம், பசி மந்தித்த காலம். இரண்டும் சேர்ந்து உண்டான சாப்பாட்டு முறை இது. மருத்துவத்திலும் ஃபூவுக்கு இடம் உண்டு. குளிர்காலத்து இளைப்புக்கும் இருமலுக்கும் வெயில் காலத்திலேயே மருந்து போடவேண்டும் என்று, வெள்ளைக்கடுகு சேர்த்து அரைத்த பற்றை முதுகில் ஒட்டுகிறார்கள். ஜாங் லூ என்ற வைத்தியர் 1695இல் முடித்த நூலில் இந்த முறை இருக்கிறது. இன்றும் ஃபூ பிறந்தால் சீன மருத்துவமனைகளில் இதற்கு வரிசை நிற்கிறது.

சிமா ச்சியென் எழுதிய சீன வரலாற்றில் ஃபூ முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது கி.மு. 676இல், சின் நாட்டுக் கோமகன் டே காலத்தில் என்று வருகிறது. வெப்பத்தோடு வரும் நோயைத் தடுக்க அன்று நாயைப் பலியிட்டார்கள். பிறகு ஹான் பேரரசு காலத்தில் ஃபூ அரசாங்க விடுமுறை போலாகிவிட்டது. அப்போதைய கதை ஒன்று. ஒரு ஃபூ நாளில் பேரரசர் வூ அதிகாரிகளுக்கு இறைச்சி வழங்கச் சொன்னார். பங்கு போடுகிறவர் நேரமாகியும் வரவில்லை. டோங்ஃபாங் ஷுவோ என்ற அதிகாரி, ஃபூ நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டாமா என்று சொல்லி வாளை உருவித் தன் பங்கைத் தானே அறுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பேரரசர் அவரைக் கூப்பிட்டு, உன் குற்றத்தை நீயே சொல் என்றார். வாளால் அறுத்தேன், எவ்வளவு வீரம். கொஞ்சமாகத்தான் எடுத்தேன், எவ்வளவு நேர்மை. கொண்டுபோய் மனைவிக்குக் கொடுத்தேன், எவ்வளவு அன்பு என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாராம். பேரரசர் சிரித்துவிட்டு, மேலும் இறைச்சியும் மதுவும் கொடுத்து அனுப்பினார்.

கி.பி. 94இல் பேரரசர் ஹெ, ஃபூ நாளில் பகல் முழுவதும் கதவடைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அன்று பேய்கள் நடமாடும், எந்த வேலையும் செய்யாமல் உள்ளே இருங்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். அங்கே பேய், இங்கே தோஷம். இரண்டும் மனிதனை நிழலுக்குள் அனுப்பத்தான்.

சிதம்பரத்தில் கோடையின் கணக்கு இன்னொரு விதம். தேவர்களுக்கு ஒரு நாள் என்பது மனிதருக்கு ஒரு வருடம். கோயிலில் ஒரு நாளைக்கு ஆறு கால பூஜை. அப்படியானால் தேவர்களின் ஆறு காலம் மனித வருடத்தில் ஆறு நாளாக விழும். நடராஜருக்கு வருடத்தில் ஆறு தடவை மட்டுமே மகாபிஷேகம் நடப்பது இதனால்தான். மார்கழித் திருவாதிரை விடியற்காலம். மாசிச் சதுர்த்தசி காலைச்சந்தி. சித்திரைத் திருவோணம் உச்சிக்காலம். ஆனி உத்திரம் மாலை. ஆவணி, புரட்டாசிச் சதுர்த்தசிகள் இரவின் இரண்டு காலங்கள். கத்திரியை ஒட்டி வருகிற சித்திரைத் திருவோணம் தேவலோகத்தின் நடுப்பகல். மண்ணில் இருப்பவன் வியர்வையைத் துடைக்கிற நேரத்தில் வானத்திலும் வெயில் உச்சியில்தான் இருக்கிறது என்ற நினைப்பு இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அன்று கனகசபையில் பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் என்று குளிரக் குளிர அபிஷேகம் நடக்கும்.

மற்ற சிவன் கோயில்களில் கத்திரிக்கென்றே தாராபிஷேகம் உண்டு. திருவண்ணாமலையில் இது பேர்பெற்றது. லிங்கத்துக்கு மேலே ஒரு செம்புப் பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் ஊசித்துளை. நீரில் வெட்டிவேர், ஏலம், பச்சைக் கற்பூரம், பன்னீர் என்று வாசனைச் சரக்கு. துளை வழியாக ஒரு துளி திரண்டு, தொங்கி, கனத்து, விழும். அதற்குள் அடுத்த துளி. உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றால் அந்தச் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. உள்ளே நனைந்த வெட்டிவேரின் மண்வாசம்.

அந்த வெட்டிவேர் கடலூர்ச் சரக்காகவே இருக்கலாம். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்துக் கடலோர மணலில் அதைப் பயிராகவே போடுகிறார்கள். மேலே புல் போலத்தான் இருக்கும். விஷயம் முழுவதும் மண்ணுக்குள். ஒரு வருடம் போல வளரவிட்டு மணலோடு தோண்டி உதறினால் பழுப்பு நிறச் சடைவேர் வரும். மணல் நிலம் என்பதால் வேர் அறாமல் நீளமாக வருகிறது. பானைத் தண்ணீரில் ஒரு முடிச்சு போட்டால் போதும். தட்டியாகப் பின்னி ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்து வாசனையோடு வரும். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னே வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களில் இந்தத் தட்டிதான் தொங்கியது. தட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே வெயிலில் ஓர் ஆள் நின்றான்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில், பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் திருவதிகை. வெப்பத்தைப் பற்றிய மிகப் பெரிய கதை அந்த ஊரைச் சேர்ந்தது. திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் தமக்கை திலகவதியாரின் கையால் திருநீறு பெற்றுச் சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரைப் பல்லவ அரசன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான். ஏழு நாள். கதவைத் திறந்தபோது அவர் நலமாக இருந்தார் என்கிறது பெரியபுராணம். உள்ளே இருந்தபடி அவர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தில், இறைவனின் திருவடி நிழலுக்கு அவர் ஒப்புச் சொன்னவற்றைப் பார்த்தால் எல்லாமே இந்தப் பகுதியின் கோடைச் சுகங்கள். வீணை, நிலவு, தென்றல், வேனில், பொய்கை. தீக்கு நடுவில் இருந்தவர் சொர்க்கத்தைத் தேடிப் போகவில்லை. கெடிலக் கரையில் ஒரு மாலை நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டார்.

அதே பெரியபுராணத்தில், திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தியும் வருகிறது. நேரில் பார்த்திராத ஒருவருக்குச் செய்த மரியாதை, வழிப்போக்கனின் தொண்டையை நனைப்பதாக இருந்தது. சேக்கிழார் அந்த நூலைச் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் அரங்கேற்றி முடித்தார் என்பது மரபு. இன்றைக்குக் கட்சிக் கொடி கட்டிய தண்ணீர்ப் பந்தல் கடலூர்ச் சாலை நெடுகிலும் முளைக்கிறது. திறப்பு விழா அன்று தர்பூசணி, நீர்மோர், இளநீர் எல்லாம் கிடைக்கும். கத்திரி நடுவேழுக்குள் பல பந்தல்களில் பானை காய்ந்துபோகும். ஏதாவது ஒரு திருப்பத்தில் கிழவி ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையோரம் வைத்த பானை மட்டும் கடைசி நாள் வரை நிறைந்திருக்கும்.

அந்தப் பானையை நின்று பார்க்க வேண்டும். ஆற்று மணலைக் குவித்து நனைத்து அதன்மேல் பானையை உட்காரவைத்திருப்பார்கள். பானையின் வயிற்றில் நனைந்த துணி. புதுப் பானை என்றால் வெளிப்புறம் முழுக்க வியர்த்திருக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் மண்ணின் நுண்துளை வழியாகக் கசிந்து வெளியே ஆவியாகிறது. ஆவியாகிற நீர் தனக்கு வேண்டிய சூட்டை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. வறண்ட மேல்காற்று அடிக்க அடிக்கப் பானைத் தண்ணீர் இன்னும் குளிரும். ஊரைக் கருக்குகிற அதே காற்று பானையைக் குளிர்விக்கிறது. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஃபிரெட்ரிக் டியூடரின் கம்பெனி ஐஸ் ஹவுஸ் கட்டி, பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்து விற்றது. அதை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. மற்ற எல்லோருக்கும் குயவர் வீட்டுப் பானைதான்.

கத்திரியை மதிக்காமல் நடந்த வேலைகளும் இந்த மண்ணின் வரலாற்றில் உண்டு. 1758 ஏப்ரல் 28இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் இறங்கினார். இறங்கிய அன்றே கடலூர் மேல் படையை அனுப்பினார். மே முதல் வாரத்தில் கடலூர் நகரம் விழுந்தது. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை ஜூன் 2இல் சரணடைந்தது. முற்றுகையின் பெரும்பகுதி கத்திரிக்குள். பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் போதிய மாடு இல்லாததால் லாலி புதுச்சேரி மக்களையே பிடித்து வேலை வாங்கினார், சாதி வழக்கம் எதையும் பொருட்படுத்தவில்லை என்று அந்தக் காலத்து வரலாறுகள் குறைகூறுகின்றன. அந்த எழுத்தாளர்களுக்குச் சாதி வழக்கம் கெட்டதே பெரிதாகப் பட்டது. அந்த வெயிலில் சுடுமணலில் பீரங்கி இழுத்தவர்களின் உள்ளங்காலை யாரும் எழுதிவைக்கவில்லை.

நூறு வருடம் கழித்து, 1860களின் தொடக்கத்தில், கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பணித்தளத்தை அமைத்தார். பிறகு அது டென்மார்க் மிஷனோடு சேர்ந்து, ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கங்களில் ஒன்றானது. ஐரோப்பியர் பலருக்குக் கோடை என்றால் மலைக்குப் போகிற காலம். சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவிடும். பள்ளிக்கூடத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இன்று மே மாதம் விடுமுறை இருப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சம். போக முடிந்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் பஞ்சாங்கம் கொடுத்த ஓய்வை எடுத்துக்கொண்டார்கள்.

வெயிலை வேண்டிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். மரக்காணத்து உப்பளத்தில் உப்பு கட்டுவது இந்த வெயிலில். பண்ருட்டி மண்டியில் பலா குவிவது இந்த வெயிலில். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கி உலர்த்துவது இந்த வெயிலில். உழவருக்கும் இது வேண்டும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். உழுது போட்ட கட்டி காய்ந்தால் களையும் புழுவும் சாகும். வீட்டு மாடியில் வடாம். விடியுமுன்னே எழுந்து காய்ச்சிய கூழைப் பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிப் போவார்கள். நான்கு மூலைக்கும் கல். காக்கைக்குக் காவலாக ஒரு கருப்புக் குடை, ஒரு பேத்தி. பத்து மணிக்கு ஓரம் மட்டும் காய்ந்து நடு இளகியிருக்கும் வடாமை அவள் உரித்துத் தின்றுகொண்டிருப்பாள். சாயங்காலம் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும். சீனத்து வீடுகளிலும் ஃபூ வெயிலில்தான் சோயா விழுதை ஜாடியில் புளிக்க வைப்பார்கள். ஃபூவில் காய்ந்த விழுதுக்குத் தனி மதிப்பு. எந்த ஊர்ப் பெண்களும் அந்தக் கொடும் வெயிலை வீணாக விட்டதில்லை.

கத்திரியின் எல்லைக்குள் வெயில் அடங்கிவிடுவதுமில்லை. சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி செல்சியஸ், 2003 மே 31இல். அக்னி நட்சத்திர நிவர்த்தி என்று நாள்காட்டி சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டாலும், மலையின் மறைவில் இருக்கிற இந்தக் கரைக்கு வருவது காய்ந்த மேல்காற்றுதான். 2023 ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலால் இரண்டு தரம் ஒத்திவைத்து, 6ஆம் வகுப்புக்கு மேல் ஜூன் 12இல் திறந்தார்கள். வானிலைத் துறை அக்னி நட்சத்திரம் என்ற சொல்லையே கணக்கில் கொள்வதில்லை. கடலோர நிலையத்தில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால் அது வெப்ப அலை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்.

ஓய்வைச் சட்டமாக்கிய ஒரே இடம் கடல். 2001இல் இந்தக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. 2017இல் அது 61 நாளானது, ஜூன் 14 வரை. மீன் முட்டையிடட்டும் என்பதற்காகப் போட்ட தடை. கத்திரி முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். மரம் மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். அரசு நிவாரணமும் தருகிறது. மீனுக்குக் கிடைத்த இந்த மரியாதை, கரையில் கல் சுமக்கிற மனிதனுக்கு இன்னும் வரவில்லை. கான்கிரீட் கூரைக்குக் கத்திரி பார்ப்பவர் இன்று குறைவு. வங்கிக் கடன் தவணையும் ஒப்பந்தக் கெடுவும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. விலக்கு போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை.

ஆற்றோரச் செங்கல் சூளைகளுக்கு இது உச்சப் பருவம். பச்சைக் கல் காய வெயில் வேண்டும். கோடை மழை ஒரு தூறல் போட்டால் பத்து நாள் உழைப்பு சேறாகிவிடும். ஆகவே கல் அறுப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு கத்திரி வைத்துக்கொண்டார்கள். வேலை தொடங்குவது இரவு ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு. ஒரு கம்பத்தில் ஒற்றை விளக்கு. புருஷன் மண்ணை மிதித்துப் பதமாக்க, மனைவி அச்சில் மணல் தூவி, மண்ணை அடித்து நிரப்பி, வழித்து, கவிழ்த்து எடுக்கிறாள். ஒரு கல், இன்னொரு கல். வரிசை விளக்கைத் தாண்டி இருட்டுக்குள் போகிறது. ஓரத்தில் பழைய புடவைத் தூளியில் பிள்ளை தூங்குகிறது. விடியும்போது காலடியில் ஆயிரத்துக்குக் கிட்டக் கல் படுத்திருக்கும். ஒன்பது மணிக்குச் சட்டியில் கூழ், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருவாடு. பத்துக்கெல்லாம் களம் காலி. பிறகு வெயில் தனியாக நின்று கல்லைக் காயவைக்கிறது.